சல்லூமுக்குக் கஞ்சி

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் நெகேமியா.

"கிடைக்கலை" என்றார் ஹக்காம்.

பள்ளி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே காலை ஜெபம் தொடங்கப் போகிறது. நெகேமியா ஒரு காலைப் படியிலும் ஒரு காலை மண்ணிலும் வைத்திருந்தார். படியில் வைத்த காலை எடுக்க அவருக்கு மனமில்லை.

கொச்சிக்கு வடக்கே ஆற்றங்கரையில் ஓர் ஊர் அது. அங்கே தலைமுறை தலைமுறையாக யூதர்கள் குடியிருந்தார்கள். ஜெபாலயத்தைப் பள்ளி என்பார்கள். வேதம் சொல்லித்தரும் குருவை ஹக்காம் என்பார்கள்.

அன்று கிப்பூர், பாவநிவிர்த்தி நாள்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை சோறில்லை, தண்ணீரில்லை. குளிக்கக் கூடாது. செருப்பு கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. வருஷம் முழுக்கச் செய்த பாவத்தை நினைத்து நாள் முழுக்க ஜெபிப்பார்கள். கடைசி ஜெபத்துக்கு நெயிலா என்று பெயர். நெயிலா என்றால் வாசல் சாத்துவது. பரலோக வாசல் சாத்துவதற்குள் மனிதன் சொல்லிக்கொள்ளும் கடைசிச் சொல் அது.

அந்த வருஷம் நெயிலாவை முன்நின்று பாடும் பேறு நெகேமியாவுக்குக் கிடைத்திருந்தது.

மிளகு வியாபாரி. நல்ல குரல். அதைவிட நல்ல பெயர். புத்தி தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பைக்கூட அவர் முறித்ததில்லை. காய்ச்சலில் கிடந்த வருஷத்தில்கூட நாக்கு நனையாமல் கிடந்தார் என்று ஊரே சொல்லும். ஊர் மறந்தால் அவரே ஞாபகப்படுத்துவார்.

எப்ராயீம் ஹக்காம் அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் நெகேமியா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துதான் பாடம் கேட்பார். ஹக்காம் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால், தலையில் ஏதோ வேலையைக் கட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"அண்ணா" என்றார் ஹக்காம். "சல்லூம் சாப்பிட மாட்டேங்கறான். நீங்க போய்ச் சாப்பிட வையுங்க."

"எந்தச் சல்லூம்?"

"நம்ம ஊர்ல எத்தனை சல்லூம் இருக்கான்?"

நெகேமியாவால் நம்ப முடியவில்லை.

சல்லூம் ஆற்றில் மரம் மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறவன். மலையில் வெட்டிய தேக்கைத் தெப்பமாகக் கட்டி, அதன்மேல் நின்றபடியே கழிமுகம்வரை வருவான். வாய் நீளம். கை அதைவிட நீளம். ஊரெல்லாம் நோன்பிருக்கும் நாளில் அவன் மட்டும் படகேறி அக்கரைக்குப் போய், மீன் சோறு தின்றுவிட்டு வருவான். வருஷா வருஷம். யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் தெரியும்.

"அவனா சாப்பிட மாட்டேங்கறான்? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

அவனுக்கு விஷ ஜுரம். கிடையாகக் கிடந்து எலும்பாகிவிட்டான். ஜுரம் இறங்கிய பிறகும் உடம்பில் ஒன்றுமில்லை. வைத்தியர் கண்டப் பணிக்கர் வந்து நாடி பார்த்துவிட்டு ஹக்காமிடமே நேரில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொழுது சாய்வதற்குள் உள்ளே கஞ்சி போகவில்லை என்றால் நாளைக்கு நான் வரவேண்டியதில்லை, நீங்கள் வந்தால் போதும் என்று.

"நோயாளி சாப்பிட வேண்டியது சட்டம். சட்டம்னு சொன்னா முடிஞ்சது. இதுக்கு நான் எதுக்கு?" என்றார் நெகேமியா.

"முடிஞ்சதுன்னா சீக்கிரம் வந்துடுவீங்க."

"நெயிலா?"

"அவன் சாப்பிட்டதும் வாங்க. ஒரு வாய் கொடுங்க. கொஞ்சம் நிறுத்துங்க. இன்னொரு வாய் கொடுங்க. நோன்பு நாளில நோயாளிக்கு அப்படித்தான் கொடுக்கணும், தெரியுமில்ல?"

தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்த சட்டத்தைப் போய் ஒரு மரக்காரனிடம் சொல்லிவிட்டு வருவதற்கு எவ்வளவு நேரமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, படியில் இருந்த காலை எடுத்தார்.

*

வெயில் ஏறியிருந்தது. செருப்பில்லாத கால் செம்மண்ணில் சுட்டது.

சல்லூமின் மனைவி சிம்ஹா கதவைத் திறந்தாள். கண் இரண்டும் குழிந்திருந்தன.

"வந்துட்டீங்களா அண்ணா. இந்த மனுஷனை என்னன்னு கேளுங்க."

சல்லூம் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மேலே வெள்ளைத் துண்டு. அவனிடம் ஒரு வெள்ளைத் துண்டு இருப்பதே நெகேமியாவுக்குப் புதிது.

"சல்லூம்."

"யாரு?"

"நான் நெகேமியா."

"பள்ளிக்குப் போகலை?"

"உன்னாலதான் போகலை. எழுந்திரு. கஞ்சி குடி."

"இன்னிக்கு நோன்பு."

இந்த வாயிலிருந்து இந்த வார்த்தை வரும் என்று நெகேமியா எதிர்பார்க்கவில்லை.

"உனக்கு நோன்பில்ல. உயிருக்கு ஆபத்துன்னா நோன்பு கிடையாது. கட்டளை மனுஷன் பிழைக்கறதுக்குக் கொடுத்தது, சாகறதுக்குக் கொடுத்ததில்ல. வேதத்துல இருக்கு."

"இருக்கட்டும்."

"இன்னிக்கு நீ சாப்பிடாம இருந்தாத்தான் பாவம்."

"இதை இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே" என்றான் சல்லூம். "சொல்லியிருந்தா நிம்மதியா தின்னிருப்பேன்."

சிம்ஹா தலையில் அடித்துக்கொண்டாள்.

நெகேமியா கட்டிலோரம் உட்கார்ந்தார். முதலில் சட்டம் சொன்னார். பிறகு சட்டத்துக்கு விளக்கம் சொன்னார். பிறகு விளக்கத்துக்குப் பெரியவர்கள் எழுதிய விளக்கத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே சுவாரசியமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சல்லூம் தூங்கிவிட்டிருந்தான்.

எழுப்பினார்.

"கேட்டியா?"

"கேட்டேன். படிச்சவங்க எதுக்கும் வழி கண்டுபிடிப்பீங்க. எனக்கு வழி வேண்டாம்."

"பின்னே என்ன வேணும்?"

"ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷமாவது ஊரோட சேர்ந்து நோன்பு இருந்தேன்னு இருக்கட்டும். அதோட போறேன்."

"போறதுக்கு முன்னாடி பொண்டாட்டியைப் பத்தி நினைச்சியா?"

"நினைச்சேன்."

"என்ன நினைச்சே?"

"என்னைக் கட்டிக்கிட்டு அவ நோன்பிருக்காத நாள் எதுன்னு நினைச்சேன்."

நெகேமியா அதட்டினார். அதட்டல் பலிக்கவில்லை. தேக்குமரத்தின்மேல் நின்று வெள்ளத்தோடு வந்தவனை அதட்டி என்ன ஆகப்போகிறது. பிறகு நயந்து பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோனார். சல்லூம் பல்லைக் கடித்துக்கொண்டான். அந்த உடம்பில் பலமெல்லாம் பல்லில் மட்டும் மிச்சமிருந்தது.

தூரத்தில் பள்ளியிலிருந்து ஜெபச் சத்தம் அலையலையாக வந்தது. அந்தச் சத்தத்தில் நெகேமியாவின் குரல் இல்லை.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

*

ஹக்காம் ஜெபத்துக்கு ஜெபம் இடைவெளியில் முற்றத்துக்கு வந்தார்.

"சாப்பிட்டானா?"

"இல்ல. எல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். இத்தனை வருஷம் தின்னக் கூடாதப்போ தின்னான். தின்ன வேண்டிய ஒரே வருஷம் தின்ன மாட்டேங்கறான். இவன் கழுதையா, மனுஷனா?"

"கஞ்சி ஆறிப்போயிருக்குமே" என்றார் ஹக்காம்.

"என்னது?"

"நேத்து வச்ச கஞ்சி. ஆறிப்போன கஞ்சியை யார் குடிப்பா? சுட வச்சுக் கொடுங்க."

"அடுப்பு மூட்டணும். இன்னிக்கு."

"ஆமா."

"பக்கத்துல நாயர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு மூட்டச் சொல்றேன்."

"உயிர் போற விஷயத்துல அடுத்த வீட்டுக்காரனைத் தேடக் கூடாது. ஊர்ல பெரியவங்கதான் செய்யணும். இந்தப் பாடத்தை உங்களுக்கு நான் நடத்தினேன், அண்ணா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நெகேமியா வெறும் முற்றத்தைப் பார்த்து நின்றார். ஒரு வருஷம். படகில் மிளகு ஏற்றும்போதும் இறக்கும்போதும் நெயிலாப் பாட்டைத் தொண்டையில் உருட்டி உருட்டி வைத்திருக்கிறார். இப்போது அடுப்பு மூட்டப் போகிறார்.

*

"நான் மூட்ட மாட்டேன்" என்றாள் சிம்ஹா.

"ஏன்?"

"நான் மூட்டினா, 'எனக்காக நீ வேற பாவம் பண்ணினியா'ன்னு அதுக்கும் சேர்த்துக் குடிக்க மாட்டார். நீங்க மூட்டுங்க. உங்களைப் பாவின்னு சொல்ல அவருக்கு வாய் வராது."

நெகேமியா தன் ஆயுளில் அடுப்பு மூட்டியதில்லை. நோன்பு நாளிலும் இல்லை, மற்ற நாளிலும் இல்லை. விறகு நனைந்திருந்தது. ஊதுகுழலை எடுத்து ஊதினார். புகை போக வேண்டிய பக்கம் போகாமல் அவர் பக்கம் வந்தது. மறுபடி ஊதினார். பசித்த வயிற்றிலிருந்து ஊத மூச்சு வரவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. காலையிலிருந்து பள்ளியில் மற்றவர்கள் பாவத்துக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தான் ஈர விறகுக்காக விட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

ஒருவழியாகப் பற்றியது. வெள்ளை வேட்டியில் கை வைத்த இடமெல்லாம் கரி.

கஞ்சியைச் சுட வைத்துக் கொண்டுபோனார். ஆவி பறந்தது.

சல்லூம் அவரை மேலும் கீழும் பார்த்தான். வேட்டியைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.

"நீயா மூட்டினே?"

"நான்தான்."

"நெகேமியா அடுப்பு மூட்டினானா, கிப்பூர் நாளில?"

"உனக்காகத்தான்டா. இப்பவாவது குடி."

சல்லூமின் முகத்தில் என்னவோ அசைந்தது. கையை ஊன்றி எழ முயன்றான். முடியவில்லை. நெகேமியா தூக்கிச் சுவரில் சாய்த்தார். தெப்பத்தில் நிற்கும்போது ஆலமரம்போல இருந்தவன் துணிமூட்டைபோல வந்தான்.

கரண்டியை வாயருகில் கொண்டுபோனார்.

சல்லூம் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"முடியலை."

"என்ன முடியலை?"

"நீ வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் பட்டினியா உட்கார்ந்திருக்கே. உன்னைப் பார்த்துக்கிட்டே நான் தின்னணும். அக்கரையில போய்த் தின்னப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

"எப்படி?"

"அங்கே உட்கார்ந்தா இக்கரைப் பாட்டு கேக்கும். ஆத்துக்கு மேல தண்ணியோட வரும். கடைக்காரன் இலையில சோறு போட்டு வச்சிருப்பான், வறுத்த மீன் வச்சிருப்பான். ஒரு வருஷமும் எனக்கு ருசிச்சதில்ல."

"பின்னே ஏன் போனே?"

"மொத வருஷம் பசிக்குப் போனேன். அப்புறம் எந்த மூஞ்சியோட பள்ளிக்குள்ள வர?"

கஞ்சி கரண்டியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் தனியாத் தின்னச் சொல்றீங்க எல்லாரும்" என்றான் சல்லூம். "நீ குடி. நான் குடிக்கிறேன்."

நெகேமியாவின் கை அப்படியே நின்றது.

"சிம்ஹா உன்கூடக் குடிப்பா."

"குடிக்கிறேன்" என்றாள் சிம்ஹா உடனே. "ஒரு பானை வேணும்னாலும் குடிக்கிறேன்."

"நீ என் பொண்டாட்டி. நான் விஷம் குடிச்சாலும் கூடச் சேர்ந்து குடிப்பே. அது கணக்குல வராது." சல்லூம் கண்ணை மூடிக்கொண்டான். "சண்டைக்குச் சொல்லலை, நெகேமியா. உன்னை இறக்கிவிடணும்னும் சொல்லலை. தனியாத் தொண்டையில இறங்கலை, அவ்வளவுதான். நீ போ. உனக்கு நெயிலா இருக்கில்ல. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நல்லாப் பாடு."

நெகேமியா கரண்டியை வைத்தார்.

*

இந்த முறை கிட்டத்தட்ட ஓடினார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. சாப்பிடலாமா. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆள், இன்னொருவனைச் சாப்பிட வைப்பதற்காக, இந்த நாளில் சாப்பிடலாமா. சாப்பிடலாம் என்று எங்கோ எழுதியிருப்பதாக ஞாபகம். கூடாது என்று எழுதியிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. எதுவானாலும் ஹக்காம் வாயால் வரட்டும். அவர் சொன்னால் பழி அவருக்கு. நோன்பு முறித்தவன் நெயிலாவை முன்நின்று பாட முடியாது. அந்த நஷ்டத்தையும் ஹக்காமே ஏற்றுக்கொள்ளட்டும்.

பள்ளி வாசல் விரியத் திறந்திருந்தது. மாலை ஜெபம். உள்ளே தூக்குவிளக்குகளின் வெளிச்சத்தில் ஊரே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. நல்ல குளிர்ச்சி. நெகேமியாவின் இடம் காலியாக இருந்தது.

ஹக்காம் மீன் விழுங்கிய யோனாவின் கதையை வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் வாசலில் நிற்கும் நெகேமியாவைப் பார்த்தார். கரி படிந்த வேட்டியைப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்தவரிடம் சுருளை நீட்டி, விட்ட இடத்தை விரலால் காட்டினார். மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார்.

அப்பாடா என்றிருந்தது நெகேமியாவுக்கு.

"ஹக்காம், அவன் என்ன சொல்றான்னா..."

ஹக்காம் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துச் சாத்தினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நெகேமியா கதவைப் பார்த்தபடி நின்றார். தட்ட வேண்டும்போல இருந்தது. உதைக்க வேண்டும்போலவும் இருந்தது. முப்பது வருஷமாகத் தவறாமல் நுழைந்த வாசல். அவர் கொடுத்த எண்ணெயில்தான் உள்ளே பாதி விளக்குகள் எரிகின்றன.

"நல்ல குரு" என்றார் கதவிடம். "நல்ல சிஷ்யன்" என்றார் தன்னிடம்.

படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு அவர் யார் மேலும் கோபப்படாமல் இருந்தார். களைத்துப்போயிருந்தார். அப்போதுதான் கவனித்தார். வெயில் மஞ்சளாகிவிட்டது. கோவில் குளத்துப் பக்கம் காகங்கள் திரும்பத் தொடங்கிவிட்டன.

பொழுது சாய்வதற்குள் என்றுதானே வைத்தியர் சொன்னார்.

*

சிம்ஹா வாசலிலேயே நின்றாள். விலகி வழிவிட்டாள்.

சல்லூமின் உதடு வெளுத்து வெடித்திருந்தது. கூப்பிட்டதற்கு உடனே பதில் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, "மரம் பாறையில இடிக்கப் போகுது, கயித்தை விடு" என்றான். கண் எங்கோ பார்த்தது.

"சல்லூம். நான் நெகேமியா."

"பாடி முடிச்சிட்டியா?"

"இல்ல."

அடுப்பில் கங்கு இருந்தது. நெகேமியா கஞ்சியை மறுபடி சுட வைத்தார். இந்த முறை அடுப்பு அவர் சொன்னபடி கேட்டது. ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். நின்று யோசித்தார். இன்னொரு கிண்ணம் எடுத்து அதிலும் ஊற்றினார்.

சிம்ஹா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா" என்றாள்.

"உப்பு எங்க?" என்றார் நெகேமியா எரிச்சலோடு.

கட்டிலருகில் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடுமுன் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். ஒரு வருஷமாகத் தொண்டையில் ஊறிக் கிடந்தது வேறு ராகம். கஞ்சிக்குரிய நாலு வார்த்தை, வாசல் சாத்தும் ஜெபத்தின் ராகத்தில் நீண்டு, குழைந்து, மேலேறி வந்தது. பாதியில் அவருக்கே தெரிந்துபோனது. நிறுத்த முடியவில்லை. முடித்துவிட்டார்.

சல்லூம் தலையைத் திருப்பினான். கண் இப்போது அவரைப் பார்த்தது.

"கஞ்சிக்கு இவ்வளவு பெரிய பாட்டா?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு ஆமென் சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"சல்லூம்."

"ஆமென்" என்றான் சல்லூம்.

நெகேமியா முதல் வாய் குடித்தார்.

சூடு நெஞ்சுவரை இறங்கியது. பிறகு இன்னொரு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். சல்லூம் அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தான், இறங்கிவிட்டதா என்று. இறங்கியதைப் பார்த்தபின் வாயைத் திறந்தான்.

பாதி தாடியில் வழிந்தது. பாதி உள்ளே போனது.

கொஞ்சம் நிறுத்தினார். தான் ஒரு வாய் குடித்தார். அவனுக்கு ஒரு வாய் கொடுத்தார். நிறுத்தினார்.

"சேத்துக் கொடு. பசிக்குது" என்றான் சல்லூம்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கணும். சட்டம்."

"உன் சட்டத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடு."

"பேசாமக் குடி."

நெகேமியா ஒரு வாய். சல்லூம் ஒரு வாய். சிம்ஹா மூலையில் சுவருக்குத் திரும்பி உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கிண்ணங்கள் காலியானபோது ஜன்னலில் வெளிச்சம் கருத்துக்கொண்டிருந்தது. சல்லூமின் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. சரிந்து படுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றான். தூங்கிப்போனான்.

வெளியே, ஊர்க்கோடியில், ஆட்டுக்கொம்பு ஊதும் சத்தம் எழுந்தது. நீளமாக ஒரே சத்தம். நெயிலா முடிந்துவிட்டது. வாசல் சாத்தியாகிவிட்டது.

நெகேமியா இரண்டு கிண்ணங்களையும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

*

பள்ளி முற்றத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் பசியும் சந்தோஷமும் இருந்தன. ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். கரி படிந்த வேட்டியைப் பார்த்து நெகேமியாவை யாரும் தழுவவில்லை.

ஹக்காம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் அவல், வாழைப்பழம். இன்னும் தொடவில்லை.

"நெயிலா யார் பாடினா?" என்றார் நெகேமியா.

"நான்" என்றார் ஹக்காம். தொண்டை கட்டியிருந்தது.

நெகேமியா கண்ணை மூடிக்கொண்டார். ஹக்காமுக்கு எல்லாம் வரும். பாட்டு மட்டும் வராது. ஊரறிந்த விஷயம்.

"எப்படி இருந்துச்சு?"

"ஜனங்க சீக்கிரம் முடியணும்னு உருகி உருகி ஜெபிச்சாங்க." ஹக்காம் தட்டை நகர்த்தினார். "சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"நீங்க?"

"சாப்பிட்டேன்."

"உட்காருங்க."

நெகேமியா உட்காரவில்லை.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியும். அவன் இப்படித்தான் கேப்பான்னு தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினீங்க."

"தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? சாப்பிடு, இல்ல சாப்பிடாதேன்னு. அதைக் கேக்கத்தானே ஓடி வந்தேன். மூஞ்சியில கதவைச் சாத்தினீங்களே."

"பயமா இருந்துச்சு, அண்ணா."

"என்ன பயம்?"

"அவனை விட்டுட்டு உள்ளே வந்துடுவீங்களோன்னு."

தெருவில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. எங்கோ அடுப்பு மூட்டுகிறார்கள், புகை வந்தது. ஈர விறகு. வாசனையிலேயே நெகேமியாவுக்குத் தெரிந்தது.

அவர் மெதுவாக ஹக்காமின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புத்தி தெரிஞ்ச நாளிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்ல" என்றார்.

"தெரியும். அடிக்கடி சொல்வீங்க."

"இது மனசுல நிக்குது, ஹக்காம். முள்ளாட்டம் நிக்குது. இதுக்கு ஈடா நாளைக்கு நோன்பிருக்கேன். முழு நாள். பச்சைத் தண்ணிகூட இல்லாம. அனுமதி கொடுங்க."

ஹக்காம் வாழைப்பழத்தை உரித்தார். இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை அவரிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில சல்லூம்கூட யார் சாப்பிடறது?" என்றார்.